ஜப்பானியப் படங்களில் சாவு அத்தனை அமைதியானதா?

ஜப்பானியத் திரைப்படங்களைப் பற்றி நம்மிடையே எழுதப்படும் குறிப்புகளில், மரணத்தை அவர்கள் பௌத்த நிதானத்தோடு ஏற்றுக்கொள்கிறார்கள் என்ற வரி தவறாமல் இடம்பெற்றுவிடுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்நாட்டுக் குடும்பப் படங்களில் ஆகச் சிறந்தவை, சாவு வீட்டில் மிஞ்சியிருப்பவர்களின் அற்பத்தனத்தையும் வன்மத்தையும் தயங்காமல் காட்டுபவை. கேமரா அசையாமல் இருப்பதையும், யாரும் மாரடித்துக்கொண்டு அழாததையும் பார்த்து நாம்தான் அதற்கு அமைதி என்று பெயர் சூட்டிவிட்டோம்.

இயக்குநர் ஓசு 1953இல் எடுத்த 'டோக்கியோ ஸ்டோரி'யையே எடுத்துக்கொள்வோம். தாய் கவலைக்கிடமாக இருப்பதாகத் தந்தி வந்ததும், துக்க உடையையும் கையோடு கொண்டுபோகலாமா என்று மூத்த மகள் ஷிகே அண்ணனிடம் யோசனை கேட்கிறாள். ஊருக்குப் போய் உண்மையாகவே கதறி அழுகிறாள். ஈமச்சடங்கு முடிந்து சாப்பிட உட்கார்ந்த இடத்தில், அம்மாவின் கிமோனோவையும் இடைக்கச்சையையும் நினைவுக்காகத் தனக்குத் தரும்படி கேட்டுவிடுகிறாள். அவளைக் கல்நெஞ்சக்காரி என்று ஒதுக்குவது எளிது. ஆனால் அந்த அழுகையும் பொய்யில்லை, அந்தக் கேள்வியும் பொய்யில்லை என்பதில்தான் ஓசுவின் கூர்மை இருக்கிறது.

கொரே-எடா தன் தாயின் மறைவுக்குப் பிறகு எடுத்து 2008இல் வெளியிட்ட 'ஸ்டில் வாக்கிங்' இன்னும் ஆழமாகக் குத்துகிறது. கடலில் மூழ்கிக்கொண்டிருந்த ஒரு சிறுவனைக் காப்பாற்றப் போய் இறந்த மூத்த மகனின் நினைவு நாளில் குடும்பம் கூடுகிறது. பிழைத்த அந்தச் சிறுவன், இப்போது பருத்த உடம்பும் வழியும் வியர்வையுமாக, நிலையான வேலையும் இல்லாத இளைஞனாக வந்து கூனிக்குறுகி உட்கார்ந்திருக்கிறான். அடுத்த ஆண்டும் அவசியம் வர வேண்டும் என்று அந்தத் தாய் சிரித்த முகத்தோடு அவனை வழியனுப்புகிறாள். பாவம், அவனை இனி அழைக்க வேண்டாமே என்று இளைய மகன் இரவில் சொல்லும்போது, அவன் வருந்த வேண்டும் என்பதற்காகத்தான் கூப்பிடுகிறேன் என்கிறாள், கையிலிருக்கும் பின்னல் வேலையை நிறுத்தாமலே. தாயாக நடித்த கிரின் கிகி அதைக் குரல் உயர்த்தாமல் சொல்கிறார். பகல் முழுவதும் எல்லோருக்கும் பொரித்துப் போட்டு உபசரித்த அதே பெண்மணிதான். இதை எந்த ஞானத்தில் சேர்ப்பது?

குரோசவாவின் 'இகிரு' (1952) பெரும்பாலும் நம்பிக்கையூட்டும் படமாகப் புகழப்படுகிறது. சாகப்போவது தெரிந்து ஒரு சிறுவர் பூங்காவைக் கட்டி முடிக்கும் அரசு ஊழியர்தான் நாயகன்; அவர் இறந்த பிறகும் படம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீள்கிறது. அந்தப் பகுதியில் துணை மேயர் பூங்காவின் பெருமையைத் தன்வசமாக்கிக்கொள்வதையும், அவரைப் போல உழைப்போம் என்று போதையில் சபதம் எடுத்த சக ஊழியர்கள் பிறகு அலுவலகத்தில் பழையபடி மனுக்களை வேறு பிரிவுக்குத் தள்ளிவிடுவதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஆஸ்கர் பெற்ற 'டிபார்ச்சர்ஸ்' எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. செல்லோ வாசித்துவந்த நாயகன் இப்போது செய்வது பிணங்களைச் சடங்குக்குத் தயார்செய்யும் தொழில் என்று தெரிந்ததும் மனைவி அருவருத்து விலகும் காட்சி நேர்மையானது. செல்லோ இசை அதற்குப் பிறகு எல்லாவற்றையும் துடைத்துப் பளபளப்பாக்கிவிடுகிறது.

மாறாக, இட்டாமி 1984இல் எடுத்த 'தி ஃபியூனரல்' இங்கு யார் பட்டியலிலும் அதிகம் தென்படுவதில்லை. துக்கம் கேட்க வருபவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்பதை ஒரு தம்பதி வீடியோ போட்டுப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் அந்த நகைச்சுவைப் படத்தில் இருக்கும் உண்மைக்காக நான் 'டிபார்ச்சர்ஸை' மறுயோசனையின்றி விட்டுக்கொடுப்பேன்.