குத்தை விடுங்கள், பிடியைப் பாருங்கள்

பகடை உருட்டிக் கதாபாத்திரமாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் வெறுங்கைச் சண்டை யதார்த்தமாக இல்லை, ஒரு குத்துக்கு 1 புள்ளிச் சேதமும் பாத்திரத்தின் வலிமைக்கான கூட்டலும்தானா என்று ஒரு கட்டுரையாளர் கேட்கிறார். குத்துக்கு அது போதும். இரும்புக் கவசம் போட்டவனைக் குத்தினால் குத்தியவன் விரல்தான் உடையும்.

பேச வேண்டியது பிடியைப் பற்றி. 1400களின் தொடக்கத்தில் சண்டைக் கையேடு எழுதிய இத்தாலிய வாள் ஆசான் பியோரே, வாளுக்கு முன்னால் மல்யுத்தத்தைத்தான் வைத்தார். கவச வீரனைக் கட்டிப்பிடித்துக் கீழே தள்ளி, அக்குளிலோ முகமூடி இடுக்கிலோ குறுவாளைச் செருகுவதுதான் அன்றைய வழி.

ஆட்டத்தின் 2014 விதிகளில் பிடிபட்டவனின் வேகம் 0 ஆகும், அதாவது நகர முடியாது, அவ்வளவுதான். பெரிய இருகை வாளை வழக்கம்போல் வீசலாம். இது கொஞ்சமும் ஒட்டவில்லை. ஆனால் அதே விதியில் ஓர் அழகும் உண்டு. போன மாதம் எங்கள் ஆட்டத்தில் நண்பர் ஓர்க் என்ற அரக்கக் கூட்டத்தின் தலைவனைப் பிடித்தார், அடுத்த தாக்குதலில் கீழே தள்ளினார். எழுந்திருக்க நகர்வு வேண்டும், வேகமோ 0. அவன் தரையிலேயே கிடந்தான்! பகடை உருண்டபோது எல்லோரும் எழுந்து நின்றுவிட்டோம்.

2024 விதிகளில் பிடிபட்டவன் பிடித்தவரை விட்டு வேறு யாரைத் தாக்கினாலும் பாதகம் (இரண்டு பகடை உருட்டிக் குறைந்ததை எடுப்பது) என்று சேர்த்தது நல்லது. ஆனால் பிடிக்கும்போது இருவரும் பகடை உருட்டி மோதுவதை எடுத்துவிட்டார்கள், அதுதான் எனக்கு வருத்தம். நாங்கள் பழைய மோதலையே வைத்துக்கொண்டோம். அப்புறம் ஒன்று சேர்த்தோம்: பிடிக்குள் இருகை ஆயுதத்துக்குப் பாதகம், குறுவாளுக்கு இல்லை.