ஊரணிக்கு யார் பொறுப்பு?

மாநிலத்தின் அதிகாரத்தை டெல்லி பறிக்கிறது என்று சொன்னால் காரைக்குடிப் பக்கம் மறுப்பவர் குறைவு. நியாயமான குறைதான். 1976-ல் வந்த அரசமைப்பின் 42-வது திருத்தம் கல்வி, காடு, வனவிலங்குப் பாதுகாப்பு, எடையளவு, கீழமை நீதிமன்ற அமைப்பு என ஐந்தை மாநிலம் மட்டுமே சட்டம் இயற்றும் மாநிலப் பட்டியலிலிருந்து, இரு அரசுகளும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. அங்கே மத்தியச் சட்டமும் மாநிலச் சட்டமும் முட்டிக்கொண்டால், குடியரசுத் தலைவரின் ஒப்புதல் இல்லாத மாநிலச் சட்டம் நிற்காது. 254-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. மத்திய-மாநில உறவை ஆராய 1969-ல் இராசமன்னார் குழு, 2025-ல் குரியன் ஜோசப் குழு என்று தமிழ்நாடு இதைத் தொடர்ந்து கேட்டு வருகிறது. கேட்கத்தான் வேண்டும்.

ஆனால் அதே கேள்வியைச் சென்னையைப் பார்த்தும் கேட்டாக வேண்டும். மாநிலத்துக்குக் கீழே ஊராட்சி என்று ஓர் அரசு இருக்கிறது. அதன் கையில் என்ன இருக்கிறது?

நம் ஊர்களில் இதைப் பார்க்க ஊரணியும் (ஊர்க் குளம்) கண்மாயும் (பாசன ஏரி) போதும். ஏழாவது அட்டவணையில் தண்ணீர் மாநிலப் பட்டியலின் 17-வது இனம். அதற்குக் கீழே இறங்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் அந்தக் கண்மாய் நீர்வளத் துறையிடம். குறைந்தால் ஊராட்சி ஒன்றியத்திடம். ஊரணி ஊராட்சியிடம். நிலம் புறம்போக்கு என்பதால் கணக்கு வருவாய்த் துறையிடம். தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் ரயில் பாதையையோ தேசிய நெடுஞ்சாலையையோ கடக்கிறதா? அங்கே அடைத்துக்கொண்ட பாலத்தில் கை வைக்க மாநில அரசே மத்தியத் துறையிடம் கேட்க வேண்டும். இரண்டும் மத்தியப் பட்டியல். ஒரே மழைத்தண்ணீர் ஊரணிக்கு வந்து சேர்வதற்குள் இத்தனை அலுவலகங்களைத் தாண்டுகிறது.

ஆக்கிரமிப்பு என்று வந்தால் இன்னும் மோசம். 2007-ல் வந்த ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் பொதுப்பணித் துறைக் (இப்போது நீர்வளத் துறை) கண்மாய்களுக்கு மட்டும்தான். ஊரணிக்கு 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம். தாசில்தார்தான் நடத்த வேண்டும். ஊராட்சிச் சட்டத்திலும் அகற்ற வழி உண்டு. ஆனால் அளந்து தரும் சர்வேயரும் பாதுகாப்புக்கு வரும் போலீசும் ஊராட்சிக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்ல.

ஊராட்சிகளுக்கு அரசமைப்பில் இடம் தந்த 73-வது திருத்தம் 1993 ஏப்ரல் 24-ல் நடைமுறைக்கு வந்தது. பதினோராவது அட்டவணையில் 29 இனங்கள். சிறுபாசனம், குடிநீர் எல்லாம் அதில் உண்டு. ஆனால் 243ஜி பிரிவு, சட்டமன்றம் இந்த அதிகாரங்களை ஊராட்சிகளுக்கு "வழங்கலாம்" என்கிறது. "வழங்க வேண்டும்" என்று சொல்லவில்லை. எவ்வளவு கொடுப்பது என்பது மாநிலத்தின் விருப்பம். தமிழ்நாட்டின் 1994 ஊராட்சிச் சட்டம் கொடுத்ததை விடப் பிடித்து வைத்திருப்பது அதிகம் என்பது என் கருத்து. 202-வது பிரிவு ஊராட்சித் தீர்மானத்தை நிறுத்தி வைக்கவோ ரத்து செய்யவோ வழி தருகிறது. 205-வது பிரிவின் கீழ் மக்கள் தேர்ந்தெடுத்த தலைவரைப் பதவி நீக்கும் நடவடிக்கையைக் கலெக்டர் தொடங்கலாம். ஆளுநர் மசோதாவைக் கிடப்பில் போட்டால் கொதிக்கிற நாம் இதற்கு ஏன் கொதிப்பதில்லை?

கல்யாணமான மகனை அதே வீட்டில் வேறு வைக்கும்போது நம்மவர்கள் தனி அடுப்போடு வருசத்துக்கான படியையும் (செலவுக்கு வேண்டியதையும்) சேர்த்துத்தான் கொடுப்பார்கள். அரசமைப்பு ஊராட்சிக்கு அடுப்பைக் கொடுத்தது. படியான நிதியையும் ஆளையும் மாநிலம் கையிலேயே வைத்துக்கொண்டது.

தேர்தலைப் பாருங்கள். ஐந்தாண்டு முடியும் முன்பே அடுத்த தேர்தல் முடிந்திருக்க வேண்டும் என்பது அரசமைப்பின் 243இ பிரிவு. 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. ஊரகத் தேர்தல் பெரும்பாலான மாவட்டங்களில் 2019 டிசம்பரில்தான் வந்தது. நகர்ப்புறத்துக்கு 2022 பிப்ரவரி வரை ஆனது. சிவகங்கை உட்பட 28 மாவட்டங்களில் 2025 ஜனவரி 5-ல் பதவிக்காலம் முடிந்தபோது மறுபடியும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்குப் பதில் தனி அலுவலர்கள். சட்டமன்றத்தை இப்படி மூன்று வருடம் காலியாக வைத்திருந்தால் நாடே கேட்டிருக்கும்.

நீதிமன்றம் போனால் தீர்ந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. அரசமைப்பின் 226-வது பிரிவில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட முடியும். மண்வெட்டி பிடிப்பது நிர்வாகத்தின் வேலை. அதிகாரப் பிரிவினை என்பதே அதுதான். நீதிமன்றம் முதலில் கேட்பது, நீங்கள் உரிய அதிகாரியிடம் மனு கொடுத்தீர்களா, அவர் என்ன செய்தார் என்பது. 1905 சட்டத்தின் 7-வது பிரிவு நோட்டீஸ் முறையாகப் போகாமலோ, இடத்தை அளக்காமலோ இடிக்கப் போனால் எதிர்த்தரப்பு சுலபமாகத் தடை வாங்கிவிடும். பல ஊரணி வழக்குகள் சறுக்குவது இங்கேதான்.

ஆகவே கிராம சபைக்குப் போகும்போது "ஊரணியைத் தூர்வார வேண்டும்" என்று ஒற்றை வரியில் தீர்மானம் போடாதீர்கள். சர்வே எண், அ-பதிவேட்டில் (கிராம நிலப் பதிவேடு) உள்ள பரப்பு, வரத்துக்கால் அடைபட்ட இடம், எந்த அலுவலர் எந்தச் சட்டத்தின் கீழ் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது வரை எழுத வைக்க வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருடத்துக்கு ஆறு சபை. தனி அலுவலர் காலத்திலும் சபை கூட வேண்டும், கூட்டவில்லை என்றால் அதற்கே மனு கொடுக்கலாம். தீர்மான நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு கேட்டு வாங்கி, தாசில்தாருக்கும் பி.டி.ஓ.வுக்கும் (வட்டார வளர்ச்சி அலுவலர்) தனித்தனியாக, பெற்றதற்கான ஒப்புகையோடு அஞ்சலில் அனுப்பி, அந்த ஒப்புகைகளைப் பத்திரப்படுத்துங்கள். மதுரையில் வக்கீல் முதலில் கேட்பது அதைத்தான்.