பணம் இருந்தது, ஆள்தான் இல்லை

ஜூன் 30 வந்தால் வயிறு எரிகிறது. தென்னாப்பிரிக்க நகராட்சிகளுக்கு அன்றோடு நிதியாண்டு முடிகிறது. நடைபாதைக்கும் சைக்கிள் பாதைக்கும் தேசிய அரசு நிபந்தனையோடு தந்த மானியத்தில் செலவாகாத தொகை திரும்பிப் போய்விடும். கருவூலம் மனது வைத்தால்தான் அடுத்த ஆண்டுக்குக் கைக்கு வரும். அப்புறம் வார்டு கூட்டத்தில் "நிதி இல்லை" என்று கூசாமல் சொல்வார்கள். நிதி இருந்தது ஐயா! அதைச் செலவழிக்க ஆள் போடவில்லை.

இந்த மானியம் போன்ற மூலதனக் கணக்குப் பணம் கான்கிரீட் வாங்கும். நிரந்தரப் பொறியாளருக்குச் சம்பளம் நடப்புச் செலவுக் கணக்கிலிருந்துதான் வர வேண்டும், கத்தரி முதலில் விழுவதும் அங்கேதான். ஓய்வு பெற்றவர் இடம் காலியாகவே கிடக்கும். ரோட்டுப் பள்ளம் அடைக்கிற பொறியாளர் தலையில் "இதையும் பார்த்துக்கொள்" என்று கட்டிவிடுவார்கள். அவர் எப்போது அளவெடுப்பார்? மண்ணுக்கடியில் தண்ணீர்க் குழாயும் கேபிளும் எங்கே ஓடுகின்றன என்று பார்த்து, வரைபடம் போட்டு, டெண்டர் விட்டு, ஆட்சேபக் காலம் முடிவதற்குள் டிசம்பர் நடுப்பகுதி வந்துவிடும். ஜனவரி வரை கட்டுமானத் துறைக்கே விடுமுறை. பிப்ரவரியில் திருத்த பட்ஜெட். தொடங்காத வேலையின் பணம்தான் அதில் முதலில் பறிபோகும்.

மேற்பார்வை இல்லாமல் அவசரத்தில் போட்ட வேலையின் லட்சணத்தையும் பாருங்கள். சக்கர நாற்காலி ஏற 15 சென்டிமீட்டர் உயர விளிம்புக்கல்லுக்கு 1:12 சரிவு, அதாவது உயரத்தைப் போல் பன்னிரண்டு மடங்கு நீளம் என்றால், 1.8 மீட்டர் வேண்டும். நடைபாதையே 1.5 மீட்டர்தான் என்றால் அந்த இடத்தில் நடைபாதை முழுவதையும் தாழ்த்த வேண்டும். யாரும் பார்க்காவிட்டால் ஒப்பந்தக்காரர் செங்குத்தாக இழுத்துவிட்டு, அடியில் இரண்டு விரற்கடைக்கு ஒரு படியும் வைத்துப் போவார். சக்கர நாற்காலியின் முன்சக்கரம் அதில் முட்டி நிற்கும், உட்கார்ந்திருப்பவர் முன்னால் சரிவார். மழைநீரும் அங்கேயே தேங்கும்.

சிக்னலோ இன்னும் கொடுமை. வினாடிக்கு 1.2 மீட்டர் நடை என்று கணக்குப் போட்டால் 14 மீட்டர் சாலையைக் கடக்க 12 வினாடி. டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்தில் மருந்துப் பையோடு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் பாட்டி 0.8 மீட்டர் வேகத்தில் நடந்தால் 17 வினாடிக்கும் மேல். மிச்ச ஐந்து வினாடி அவர் நடுரோட்டில் நிற்க வேண்டுமா? இதற்குச் சிமெண்ட் வேண்டாம், டெண்டர் வேண்டாம். விவரம் தெரிந்த ஒருவர் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்து நேரத்தை மாற்றினால் போதும். அந்த ஒருவர்தான் இல்லை. இந்த நாட்டில் சாலையில் சாகிறவர்களில் ஏறக்குறைய பத்துக்கு நான்கு பேர் நடந்து போனவர்கள்!

வரைவு பட்ஜெட் மார்ச் இறுதிக்குள் மன்றத்துக்கு வந்தாக வேண்டும், பிறகு மக்கள் கருத்துக் கேட்பார்கள். அப்போது "நடைபாதை வேண்டும்" என்று பொதுவாக எழுதாதீர்கள். நடப்போருக்கும் சைக்கிளுக்கும் என்றே எத்தனை பணியிடம், அதில் எத்தனை காலி, எந்த மாதம் நிரப்புவீர்கள், போன ஆண்டு திரும்பிப் போன தொகை எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். கோயில் சங்கமும் பள்ளிக் கமிட்டியும் தனித்தனியாக அனுப்பட்டும். பதிலும் எழுத்திலேயே வேண்டும்.