நன்றிக் குறிப்பு மாத்திரைக்கு மாற்று அல்ல

நன்றி சொல்லத் தோன்றும் விஷயங்களைத் தினமும் எழுதினால் 21 நாளில் மனச்சோர்வு போய்விடும், அதற்கான மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். தயவுசெய்து அப்படி நிறுத்தாதீர்கள். உளவியலாளர்கள் எம்மன்ஸும் மெக்கல்லோவும் 2003இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்கள் வாரம் ஒருமுறை, 10 வாரம் இப்படி நன்றி எழுதினார்கள். வாழ்க்கை மீது திருப்தி கூடியது, சரி. ஆனால் அது மனச்சோர்வுக்கான சிகிச்சையைச் சோதித்த ஆய்வே இல்லை. அப்புறம் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது மனச்சோர்விலும் பதற்றத்திலும் கிடைத்த பலன் சிறிதுதான்.

அப்பா போன பிறகு நானும் எழுதினேன். 'எதிர்வீட்டு அக்கா கொடுத்தனுப்பிய மிளகு ரசம்' என்ற வரி இன்னும் அந்த நோட்டில் இருக்கிறது. பெரிய ஆறுதல் அது. ஆனால் தூக்கம் திரும்பியது மருத்துவரைப் பார்த்த பிறகுதான். மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை வரலாம்; உங்கள் மருத்துவரிடம் கேட்டே குறையுங்கள்.