எல்லாப் புள்ளிக்கும் முன்னால் ஒரு கேள்விக்குறியா?

"கேனாட் ரீட் ப்ராப்பர்ட்டீஸ் ஆஃப் அன்டிஃபைண்ட்." ஜாவாஸ்கிரிப்டில் புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு இந்த எரர் வரி மனப்பாடம்: அன்டிஃபைண்டுக்குள், அதாவது மதிப்பே இல்லாத ஒன்றுக்குள், எதையும் படிக்க முடியாது என்று பொருள். ஆர்டருக்குள் வாடிக்கையாளர், அவருக்குள் முகவரி, அதற்குள் பின்கோடு. நடுவில் ஒன்று வராவிட்டால் புரோகிராம் அங்கேயே விழும். ஒரு காலத்தில் && போட்டு ஒரே பெயரை நாலு தடவை அடிக்க வேண்டும், இல்லை லோடாஷ் என்ற உதவி நூலகத்தைக் கூப்பிட வேண்டும். 2020-ல் ?. மொழிக்குள்ளேயே வந்துவிட்டது; அதன் இடப்பக்கம் நல் (காலி மதிப்பு) அல்லது அன்டிஃபைண்ட் என்றால், விழாமல் அன்டிஃபைண்டைத் தந்துவிட்டு நின்றுவிடும்:

ஆர்டர்?.வாடிக்கையாளர்?.முகவரி?.பின்கோடு

(மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைக்க ஜாவாஸ்கிரிப்ட் தடை சொல்லாது.)

இப்போது கண்ட இடமெல்லாம் இதைத் தூவுகிறார்கள். ?. எரரைத் தீர்ப்பதில்லை, அதன் வாயைப் பொத்துகிறது. மேலே 'முகவறி' என்று தப்பாக அடித்துப் பாருங்கள், சத்தமே வராது. வருவது வெறும் அன்டிஃபைண்ட். விலையில் இப்படி நடந்து, அதோடு 50-ஐக் கூட்டினால் நேன் ('எண் இல்லை'). அதை ஜேசன் (தரவை அனுப்பும் எழுத்து வடிவம்) ஆக்கினால் நல். மூன்று ஃபைல் தள்ளி பில் காலியாக நிற்கும்போது, தப்பு எங்கே பிறந்தது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அதைவிட ஆபத்து, தடை செய்யப்படாத பயனரை மட்டும் உள்ளே விட எழுதும் இது:

!பயனர்?.தடை

பயனரே இல்லை என்றால் கிடைப்பது அன்டிஃபைண்ட்; எதிர்மறையாக்கும் ஆச்சரியக்குறி அதை ட்ரூ ('ஆம்') ஆக்கிவிடும். லாகின் செய்யாத ஆளுக்குக் கதவு திறந்தாயிற்று! பயனர்?.தடை === ஃபால்ஸ் என்று ஒப்பிட்டால் திறக்காது.

பதில் மதிப்பு, அதாவது ஒன்று இல்லாதபோது அதற்குப் பதிலாக எடுக்கும் மதிப்பு, கொடுப்பதிலும் இதே கூத்து. டெலிவரி கட்டணம் 0, அதாவது இலவசம். கட்டணம் || 40 என்று எழுதினால் வாடிக்கையாளர் 40 ரூபாய் கட்டுவார், ஏனென்றால் || பூஜ்யத்தையும் 'இல்லை' என்றே எடுத்துக்கொள்ளும். ?? அப்படியில்லை, நல், அன்டிஃபைண்ட் இரண்டுக்கு மட்டுமே 40-க்குப் போகும். லோடாஷின் கெட் ஃபங்ஷன் இன்னொரு ரகம்: அன்டிஃபைண்ட் என்றால்தான் பதில் மதிப்பு தரும், நல் வந்தால் நல்லையே நீட்டும். பழைய வரிகளை மாற்றும்போது இந்த வித்தியாசம் காலை வாரும்.

அ?.ஆ.இ என்பதில் 'அ' இல்லாவிட்டால் மீதி முழுவதையும் ?. தொடாமல் விட்டுவிடும். 'ஆ' கட்டாயம் இருக்கும் என்றால் இரண்டாவது கேள்விக்குறி வீண். ஆனால் (அ?.ஆ).இ என்று அடைப்புக்குறி போட்டால் அந்தக் காப்பு அங்கேயே அறுந்து எரர் வரும். அறிவிக்காத மாறியையும் ?. காப்பாற்றாது.

என் கட்சி இதுதான்: ஏபிஐ (வேறு புரோகிராமோடு பேசும் வழி) தரும் தரவை வாசலிலேயே ஸாட் மாதிரி ஒரு தரவு சரிபார்ப்பு நூலகத்தால் சரிபாருங்கள். முகவரி உண்மையிலேயே இல்லாமலும் இருக்கலாம் என்றால் அங்கே மட்டும் ?. போடுங்கள். ஆர்டரில் வாடிக்கையாளர் இல்லை என்றால் அது விழட்டும், விழுந்தால்தான் தெரியும். டைப்ஸ்கிரிப்டில் (டைப் சரிபார்க்கும் ஜாவாஸ்கிரிப்ட்) நல், அன்டிஃபைண்டைக் கண்டிப்பாகப் பார்க்கும் ஸ்ட்ரிக்ட் நல் செக்ஸை ஆன் செய்து, 'நோ அன்னெசஸரி கண்டிஷன்' லின்ட் (கோடில் குறை சொல்லும் கருவி) விதியையும் சேர்த்துவிட்டால், தேவையில்லாத கேள்விக்குறிகளை அதுவே வரி வரியாகக் காட்டிக்கொடுக்கும்.