அந்த மிசி ஃபேஸ்புக் பார்க்கவில்லை

மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். ஆஸ்பத்திரியில் ஒரு பாட்டி தண்ணீர் கேட்டு முனக, மிசி (அதாவது நர்ஸ்) ஃபேஸ்புக் பார்க்கிறாள் என்று சுற்றுகிறதே, அந்தக் காணொளியைத்தான் சொல்கிறேன். உங்களில் பாதிப் பேர் பகிர்ந்துவிட்டீர்கள். மீதிப் பேர் எனக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி, "பாத்தீங்களா சிஸ்டர், உங்க ஆளுங்க லட்சணத்த" என்று கேட்டுவிட்டீர்கள். நேற்று ராத்திரி எங்கள் குடும்பக் குழுவிலும் வந்தது. கீழே என் தங்கச்சி மகன் வாந்தியெடுக்கும் பொம்மை போட்டிருந்தான். அவன் பிறந்த ராத்திரி அவன் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு விடிய விடிய நின்றது ஒரு மிசிதான். சரி, எழுதிவிடுகிறேன்.

அந்தப் பிள்ளை ஃபேஸ்புக் பார்க்கவில்லை.

சத்தத்தைக் குறைத்துவிட்டு மறுபடி ஒருமுறை பாருங்கள். கட்டிலில் பாட்டி "தண்ணி... தண்ணி..." என்று முனகுகிறார். மிசி முதுகைக் காட்டிக்கொண்டு சுவரோரமாகக் கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருக்கிறாள். எடுத்தவர் வர்ணனை வேறு கொடுக்கிறார்: "நல்லா பாருங்க மக்களே, இங்க உயிர் போவுது, இவங்க ஜாலியா ஃபேஸ்புக் பாக்கறாங்க." ஒன்றே கால் நிமிடத்தில் போன் ஆடும்போது திரை ஒரு நொடி தெரிகிறது. அங்கே நிறுத்துங்கள். இடது பக்கம் நீளமான பட்டியல். நடுவில் வரிசை வரிசையாகச் சின்னக் கட்டங்கள். கட்டத்துக்குக் கட்டம் சிவப்பு நட்சத்திரம். 34 வருஷம் மிசி வேலை பார்த்தவள் நான். கடைசி 11 வருஷம் இந்த மாதிரித் திரை முன்னால்தான் நின்றேன். ஃபேஸ்புக்கில் சிவப்பு நட்சத்திரம் கிடையாது தம்பி. நிரப்பாமல் விட்டால் அடுத்த பக்கத்துக்குப் போக விடாத கட்டம் அது.

என்னதான் நிரப்புகிறாள் என்று கேட்கிறீர்களா? பிரஷர், நாடி, காய்ச்சல், மூச்சு. கட்டிலிலிருந்து விழ வாய்ப்பு எவ்வளவு என்று ஒரு மதிப்பெண். படுக்கைப் புண் வர வாய்ப்பு எவ்வளவு என்று இன்னொன்று. கையில் குத்திய ஊசி எந்த நாள், எந்தக் கை, வீங்கியிருக்கிறதா. எவ்வளவு குடித்தார், எவ்வளவு வெளியே போனார். வலி எத்தனை என்று 0-விலிருந்து 10-க்குள் ஓர் எண். 2008-இலிருந்து நம் மலேசிய அரசாங்க ஆஸ்பத்திரிகளில் வலியையும் பிரஷர், நாடி மாதிரிக் கணக்கெடுக்க வேண்டும் என்று வைத்தார்கள். நல்ல யோசனை, நானே கைதட்டினேன். ஆனால் எங்கள் திரையில் 4-க்கு மேல் போட்டால் இன்னொரு பக்கம் திறக்கும்: என்ன கொடுத்தாய், எப்போது கொடுத்தாய், கொடுத்த பிறகு எத்தனை. ராத்திரி 28 கட்டிலுக்கு மூன்று பேர். உண்மையைச் சொல்கிறேன், எத்தனையோ ராத்திரி வார்டு முழுக்க எல்லாருக்கும் வலி 2-ஆகவே இருந்திருக்கிறது.

இதையெல்லாம் நேரத்தோடு ஏற்ற வேண்டும். ஏற்றிய நேரத்தை அதுவே பதிந்துகொள்ளும். தாமதமானால் மஞ்சள், இன்னும் தாமதமானால் சிவப்பு. காலையில் மேட்ரன் கையில் சிவப்புப் பட்டியல் இருக்கும். பாட்டிக்குத் தண்ணீர் கொடுத்தாளா என்று எந்தப் பட்டியலும் வராது.

(தண்ணீர் பற்றி ஒன்று. கட்டில் தலைமாட்டில் ஒரு பலகை தொங்குகிறதே, கவனித்தீர்களா? எழுத்து தெளிவாகத் தெரியவில்லை. "புவாசா" என்று இருந்தால், ஆப்பரேஷனுக்கு முன்னால் ஒரு சொட்டுகூடக் கொடுக்கக் கூடாது என்று அர்த்தம். கொடுத்தால் மயக்க மருந்தில் வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எடுத்தவருக்கும் தெரியாது, பகிர்ந்த உங்களுக்கும் தெரியாது.)

"சரி, ஃபேஸ்புக் இல்லை, முதுகையாவது காட்டாமல் இருக்கலாமே" என்று ஓர் அண்ணன் கேட்டிருக்கிறார். அண்ணே, அந்த வயரைப் பாருங்கள். அதற்குப் பெயர் கம்ப்யூட்டர் ஆன் வீல்ஸ், சுருக்கமாக 'கௌ'. அதனால் எங்கள் வார்டில் நாங்கள் எல்லாரும் 'மாடு' என்றே சொல்வோம். "ஏய், மாட்ட இழுத்துட்டு வா", "மாட்ட சார்ஜ்ல கட்டு". நாலு மாடு வாங்கிக் கொடுத்தார்கள். இரண்டே வருஷத்தில் பேட்டரி போயிற்று. ஒரு மாட்டுக்குச் சக்கரம் கோணி, தள்ளினால் மருந்து அறைப் பக்கமாகவே போகும். பேட்டரி இல்லாத மாட்டை எங்கே கட்டுவது? சுவரில் பிளக் இருக்கிற இடத்தில். பிளக் எங்கே? கட்டிலுக்கு எதிர்ப்பக்கம். அந்தப் பிள்ளை முதுகு காட்டுவது திமிரால் இல்லை, வயர் நீளம் அவ்வளவுதான்.

இப்போது சிலர் கிளம்பி வருவார்கள், எனக்குத் தெரியும். "சிஸ்டருக்கு வயசாயிடுச்சு, கம்ப்யூட்டர் பிடிக்கல." ஐயா, பேப்பர் காலத்தைப் பார்த்தவள் நான், அதன் அழகு எனக்குத் தெரியும். நோயாளி இங்கே இருப்பார், அவர் கோப்பு எக்ஸ்ரேயில் இருக்கும், படம் வேறு யாருடைய உறையிலோ இருக்கும். டாக்டர்களின் கையெழுத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், இன்சுலின் 10 யூனிட் என்று எழுதியிருந்தார் ஒரு டாக்டர். யூனிட் என்பதற்கு ஓர் 'யு' போட்டிருந்தார். அந்த 'யு' மேலே சேர்ந்து முட்டை மாதிரி இருந்தது. நான் 100 என்று படித்தேன். ஊசியில் உறிஞ்சியும் விட்டேன். பக்கத்தில் நின்ற மூத்த சிஸ்டர், பட்டர்வொர்த்துக்காரர், என் மணிக்கட்டைப் பிடித்தார். திட்டக்கூட இல்லை. "திரும்பப் படி" என்றார், அவ்வளவுதான். இன்றைக்கும் கனவில் அந்த ஊசி வரும். கம்ப்யூட்டர் வந்த பிறகு அந்த மாதிரித் தவறு செய்வது கஷ்டம். அதற்காக நான் அதைக் கும்பிடுவேன்.

1997-இலேயே நம் நாட்டில் தொலைமருத்துவத்துக்குச் சட்டம் போட்டார்கள். 1999-இல் செலாயாங் ஆஸ்பத்திரியைக் காகிதமே இல்லாத ஆஸ்பத்திரியாகத் திறந்தபோது, நாங்கள் பினாங்கில் உட்கார்ந்துகொண்டு பொறாமைப்பட்டோம். வேண்டாம் என்று நான் எந்தக் காலத்திலும் சொன்னதில்லை. யாரைக் கேட்டு வாங்கினீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

எங்களுக்கும் ஒரு டெமோ காட்டினார்கள். ஹோட்டல் மண்டபம், நல்ல சாப்பாடு, டை கட்டிய ஒரு தம்பி. நான் கையைத் தூக்கி, "ராத்திரி இரண்டு மணிக்கு சிஸ்டம் விழுந்தால் யாரைக் கூப்பிடுவது?" என்று கேட்டேன். "வெரி குட் கொஸ்டின், மேடம்" என்றார். இன்னும் பதில் வரவில்லை. பெயர்க் கட்டத்தை யார் வடிவமைத்தார்களோ, நம் பெயர்கள் அதில் அடங்கவே அடங்காது. விஜயலெட்சுமி ஏ/பி (இன்னாரின் மகள் என்று அர்த்தம்) பாலசு... என்று நின்றுவிடும். ஒரே வாரத்தில் இரண்டு விஜயலெட்சுமிகள் வந்தார்கள். இரண்டு பேருக்கும் அப்பா பெயர் பாலசு... நாங்கள் பழைய வழக்கப்படி கட்டிலில் சிவப்புத் துணி கட்டி வித்தியாசம் வைத்தோம். பல லட்சம் ரிங்கிட் சிஸ்டத்துக்கு ஒரு முழம் துணி காவல்.

"வெளிநாட்டுல எல்லாம் சூப்பரா ஓடுதே, இங்க மட்டும் ஏன்?" என்று ஐடி தம்பிகள் கேட்பார்கள். வெளிநாட்டைப் பார்ப்போம். 2016-இல் அமெரிக்காவில் டாக்டர்களின் பின்னாலேயே நின்று நேரம் குறித்தார்கள். நோயாளிக்கு ஒரு மணி நேரம் என்றால், கம்ப்யூட்டருக்கும் மேசை வேலைக்கும் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். அதற்கும் முன்னால் 2005-இல் பிட்ஸ்பர்க்கிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. குழந்தைகள் ஆஸ்பத்திரி. மருந்து உத்தரவை எல்லாம் கம்ப்யூட்டரில்தான் போட வேண்டும் என்று மாற்றிய பிறகு, வெளியிலிருந்து அங்கே கொண்டுவரப்பட்ட குழந்தைகளில் இறந்தவர்கள் 2.80 சதவீதத்திலிருந்து 6.57 சதவீதமாக ஏறினார்கள். காரணங்களில் ஒன்று என்ன தெரியுமா? குழந்தை வாசலுக்கு வந்து பெயர் பதிந்தால்தான் உத்தரவே போட முடியும். முன்பெல்லாம் ஆம்புலன்ஸ் வழியில் இருக்கும்போதே மருந்து தயாராகிவிடும்.

ஆமாம், 2010-இல் கலிபோர்னியாவில் இன்னொரு குழந்தைகள் ஆஸ்பத்திரியில் இதே மாதிரி வைத்த பிறகு சாவு குறைந்தது என்றும் ஆய்வு இருக்கிறது. என் மகள்தான் அனுப்பினாள், "அம்மா, ஒரு பக்கம் மட்டும் பேசாதே" என்று. சரி, குறைந்தது. குறைந்த இடத்தைப் பார்த்து வாங்கியிருக்கலாமே.

2012-இல் ஒரு அமெரிக்க மருத்துவ இதழில் ஏழு வயதுப் பிள்ளை கிரேயானில் வரைந்த படம் ஒன்று வந்தது. டாக்டரிடம் போனதைத்தான் வரைந்திருக்கிறாள். இவள் மேசையில் உட்கார்ந்திருக்கிறாள், அக்கா இருக்கிறாள், அம்மா மடியில் தங்கச்சிப் பாப்பா. டாக்டர் ஓரத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு கம்ப்யூட்டரோடு. பிள்ளை பார்த்ததை வரைந்தாள். யாரையும் திட்டவில்லை, யாருடைய வேலையையும் பறிக்கச் சொல்லவில்லை.

"சம்பளம் வாங்கறாங்க இல்ல, செய்யட்டும்" என்று எழுதியவர்களுக்குப் பதில் கிடையாது. ராத்திரி ஷிப்டு ஒன்று வந்து நில்லுங்கள், பிறகு பேசுவோம். "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு நோயாளிகிட்ட பேசத் தெரியல" என்றவர்கள் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன், இன்றைக்கு வேண்டாம்.

இன்றைக்கு வேறொன்று சொல்ல வேண்டியிருக்கிறது. எழுதலாமா என்று யோசித்து யோசித்துத்தான் மூன்று நாள் போயிற்று.

என் வீட்டுக்காரருக்குச் சீனி வியாதி. இந்த நாட்டில் பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு என்று 2019 கணக்கெடுப்பு சொன்னது, அதிலும் நம்மவர்கள்தான் முன்வரிசை. ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம். இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு சமையலறை மேசையில் உட்கார்ந்து டிஸ்சார்ஜ் பேப்பரைப் படித்தேன். ஆப்பரேஷன் முடிந்து மூன்றாம் நாள் என்று தேதி போட்டு, "இரு பாதங்களிலும் நாடித்துடிப்பு நன்றாக உள்ளது, புண் இல்லை" என்று இருந்தது. நான்காம் நாளும் அதே. ஐந்தாம் நாளும் அதே, ஒரு கமா மாறாமல். எனக்கு உடனே புரிந்துவிட்டது. போன தடவை அட்மிட் ஆனபோது எழுதியதை ஒரு பட்டனைத் தட்டி முன்னே இழுத்திருக்கிறார்கள். நானும் தட்டிய பட்டன்தான். அவரிடம் படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப செருப்பு ஜோடியாவே வாங்கு" என்றார்.

அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அந்தச் செருப்புக் கதையைச் சொல்ல வரவில்லை. ஆப்பரேஷன் முடிந்த அன்று ராத்திரி, இல்லாத கால் வலிக்கிறது என்று அழுதார். மனிதர் அழுது நான் பார்த்ததில்லை. மிசி எதிர்ச் சுவரில், முதுகைக் காட்டிக்கொண்டு தட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு தடவை கூப்பிட்டேன். "ஒரு நிமிஷம் ஆண்ட்டி, சேவ் ஆகல" என்றாள், திரும்பாமலே. 34 வருஷம் இதே வேலை பார்த்த நான், மாட்டுக்குப் பெயர் வைத்த நான், வயர் நீளம் தெரிந்த நான், அந்த வார்டே எழுந்து உட்காருகிற மாதிரிக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று இங்கே எழுத மாட்டேன். அந்தக் காணொளியில் தம்பி சொன்னதைவிட மோசம். அவள் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது. மருந்து கொண்டுவந்தாள், கொடுத்தாள், திரும்பிப் போய் அதை ஏற்றினாள்.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. காலையில் கேட்கலாம் என்று இருந்தேன், அதற்குள் ஷிப்டு மாறிவிட்டது.

அதனால்தான் சொல்கிறேன், அந்தப் பிள்ளையின் பெயரையும் வார்டையும் கமெண்டில் போட்டிருக்கிறவர்கள் தயவு செய்து எடுத்துவிடுங்கள். என் பக்கத்தில் போட்டால் நானே அழிப்பேன், சொந்தக்காரர்களாக இருந்தாலும் சரி. அத்தனை கமெண்டையும் நேற்று உட்கார்ந்து படித்தேன். பாட்டிக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. யாருக்காவது தெரிந்தால் எனக்கு இன்பாக்ஸில் சொல்லுங்கள்.