டெலஸ்கோப் காட்டுவதும் என் வேலைதான்

கருத்தரங்கில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். பெயர் வேண்டாம். "ஆராய்ச்சி ஓடாதவங்கதான் பசங்களுக்கு டெலஸ்கோப் காட்டிக்கிட்டுத் திரிவாங்க" என்று ஒருவர் மைக்கிலேயே சொன்னார். அரங்கமே சிரித்தது. முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

மக்களிடம் போய்ப் பேசுவதும் என் வேலைதான். ஓய்வுநேரப் பொழுதுபோக்கு என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

கேலக்ஸிகளில் நட்சத்திரப் பிறப்பு ஏன் நின்றுபோகிறது என்பதுதான் என் தீசிஸ். சுமார் 1,000 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அது உச்சத்தில் இருந்தது, பிறகு இறங்குமுகம்தான். நீலமாக ஒளிர்ந்த எத்தனையோ கேலக்ஸிகள் புது நட்சத்திரம் இல்லாமல் சிவந்துவிட்டன. பசங்களுக்கு வானம் காட்டும் போன முகாமில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஸ்டூல் மேல் ஏறி நின்ற ஒரு சிறுமி டெலஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்: "கேஸ் தீர்ந்துபோச்சா, இல்ல இருந்தும் பிறக்கலையா?"

எங்கள் துறை இன்றும் மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்வி அது. பெரிய கேலக்ஸிகள் சிலவற்றைச் சுற்றி வாயு ஏராளமாக இருக்கிறது. நடுவிலுள்ள கருந்துளை கக்கும் ஆற்றல் அதைக் குளிரவிடுவதில்லை. குளிராத வாயு சுருங்கி நட்சத்திரம் ஆகாது. அவளுக்குச் சொன்ன வரிசையில்தான் இப்போது என் முதல் அத்தியாயமே இருக்கிறது.

"அந்த நேரத்துக்கு ஒரு பேப்பர் எழுதியிருக்கலாமே" என்பார்கள். பேப்பரும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். "விளம்பர ஆசை" என்பார்கள். யாருக்காவது இருக்கலாம், எனக்கென்ன.

"கூட்டம் கூட்டி அறிவியலுக்கு என்ன கிடைத்தது?" இதற்கு மட்டும் விரிவாகவே சொல்கிறேன். 2007-இல் 'கேலக்ஸி ஸூ' என்ற இணையத் திட்டம் ஏறத்தாழ 9 லட்சம் கேலக்ஸிப் படங்களை வடிவம் பார்த்து வகைபிரிக்கச் சொல்லிப் பொதுமக்கள் கையில் கொடுத்தது. அப்போது ஹன்னி வான் ஆர்கல் என்ற நெதர்லாந்துப் பள்ளி ஆசிரியை, ஐசி 2497 கேலக்ஸியின் பக்கத்தில் ஒரு விசித்திர ஒளிமேகத்தைக் கவனித்துச் சொன்னார். அந்த கேலக்ஸியின் நடுவிலிருந்த குவேசார், அதாவது வாயுவை விழுங்கியபடி பிரகாசமாக ஒளிரவைக்கும் கருந்துளை, அடங்கிவிட்டது. அதன் பழைய ஒளிதான் மேகத்தை இன்னும் மின்ன வைத்துக்கொண்டிருந்தது. படத்தில் பச்சையாக, உருண்டையாகத் தெரியும் சின்னஞ்சிறு 'பச்சைப் பட்டாணி' கேலக்ஸிகளைக் கண்டெடுத்ததும் இதே மக்கள்தான். இதெல்லாம் நான் தினமும் மேற்கோள் காட்டும் ஆராய்ச்சி. ஆராய்ச்சி ஓடாதவர்கள் செய்த வேலையா இது?

என்னைச் சொன்னதைக்கூட விட்டுவிடுவேன். அந்தச் சிரிப்புக்குப் பிறகு முதலாண்டு மாணவி ஒருத்தி வந்து, "அக்கா, அடுத்த முகாம் லிஸ்ட்ல என் பேரை எடுத்துடுங்க, கைடு தப்பா நினைப்பாரு" என்றாள். இருட்டில் டெலஸ்கோப்பைத் திருப்பி ஆண்ட்ரோமெடா கேலக்ஸியைச் சட்டென்று பிடிக்கத் தெரிந்தவள் எங்கள் துறையில் அவள் ஒருத்திதான். அவளுக்கு யார் பதில் சொல்வது?